வண்டி மிஸ் அடிக்கிறது கண்ணு

கண்ணு,

அக்காவுக்கு நீ அனுப்பிய லாரிச் சத்த வீடியோ சுற்றி வந்து என் போனுக்கும் வந்துவிட்டது. காதில் ஒட்டிவைத்துக் கேட்டேன். ஐடிலிலேயே ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. இதைச் சொல்ல மெக்கானிக் வேண்டாம், டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசிலும் பார்க்கிற நம் கடையில் இத்தனை வருசம் உட்கார்ந்த எனக்கே தெரிகிறது. நேராக எனக்கே அனுப்பியிருக்கலாம். அம்மாவுக்கு என்ன தெரியும் என்று நினைத்தாயோ, இல்லை எனக்குப் போன் போட்டால் வண்டியோடு வேறு பேச்சும் வந்துவிடும் என்று நினைத்தாயோ. சரி விடு, வண்டியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் பம்பை இறக்காதே. அங்கே யாரோ பம்பைக் கழற்றி டீசல் அளவைச் சரிபார்த்து கேலிபரேஷன் போட்டால்தான் ஆகும் என்று சொன்னாராமே, உன் அப்பா பம்பில் கை வைப்பது கடைசியாகத்தான். மைக்கோ கம்பெனி பம்ப் அவ்வளவு சீக்கிரம் கெடாது. அதைக் கழற்றினால் செலவும் பெரிசு, டைமிங் மறுபடி வைக்கத் தெரியாதவன் கையில் மாட்டினால் இப்போது இருக்கிற ஒரு கோளாறு நாலாகும்.

காலையில் முதல் ஸ்டார்ட் அடிக்கும்போது கிளீனரை ஏறி அடிக்கச் சொல்லிவிட்டு நீ பின்னால் போய் நின்று புகையைப் பார். வெள்ளையாக, கண் எரிகிற மாதிரி வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை, நாசில் கெட்டிருக்கும், இல்லை சிலிண்டரில் காற்றை அழுத்தும் கம்ப்ரஷன் குறைந்திருக்கும். வண்டி சூடானதும் அது நின்றுவிடுகிறதா, சூடான பிறகும் வருகிறதா என்பதையும் பார். கறுப்பு என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு நாசிலுக்கு வா. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, அது வேறு கதை. புகையே இல்லாமல் மிஸ் அடித்தால் டீசலே ஒழுங்காக வரவில்லை என்று வைத்துக்கொள்.

வீடியோவில் வெள்ளைப் புகை தெரிந்தது. வண்டிக்குப் பின்னால் உங்கள் வீட்டுக் கொடியும் தெரிந்தது, அதில் உன் காக்கிச் சட்டை இரண்டு காய்கிறது. பாப்பா கவுன் ஒன்றுகூட இல்லை. ஆடிக்குப் போனவர்கள், புரட்டாசியும் பிறந்துவிட்டது. மழைக்கு உள்ளே காயப்போட்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மழை என்றதும்தான் ஞாபகம் வருகிறது, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா பார். ஃபில்டர் அடியில் இருக்கும் ட்ரெயின் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசைக்காமல் வை. தண்ணீர் இருந்தால் காலையில் அடியில் தனியாக நிற்கும். அப்புறம் காற்று. டேங்கிலிருந்து, டீசலை இழுக்கிற ஃபீட் பம்ப் வரைக்கும் இருக்கும் பைப்பில் ஓட்டை விழுந்தால் வண்டி ஓடும்போது டீசல் சொட்டாது, அந்தப் பக்கம் உறிஞ்சுகிற பக்கம், காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அதனால் கீழே குனிந்து பார்த்துவிட்டு எங்கேயும் லீக் இல்லை என்று எழுந்துவராதே. அந்த இடத்தில் ஒரு முழம் கண்ணாடிக் குழாயை, நம் கடையில் மாட்டுவார்களே அந்த பிளாஸ்டிக் குழாயை, மாட்டிவிட்டு ஸ்டார்ட் பண்ணு. குமிழி ஓடினால் கண்ணுக்குத் தெரியும். பைப் முனையை இறுக்கும் பேஞ்சோ போல்ட் வாஷரை மாற்று, கையால் அடிக்கும் பம்பை அடித்து, ஃபில்டர் திருகு வழியாக நுரை போய் வெறும் டீசல் வரும்வரை காற்றை எடு.

ஏற்றத்தில் மட்டும் இழுவை இல்லாமல் திணறுகிறதா? சேலத்தில் லோடு ஏற்றிக்கொண்டு தொப்பூர் ஏறும்போது எப்படி இருக்கிறது என்று நீ சொல்லவேயில்லை. லோடில் மட்டும் என்றால் ஃபில்டர் அடைப்பாக இருக்கும், டேங்க் மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தாலும் அப்படித்தான் ஆகும், மூடியைத் திறக்கும்போது உஸ் என்று சத்தம் வருகிறதா பார். ஆனால் உன் வண்டி நின்ற இடத்திலேயே அடிக்கிறதே, அதனால் எனக்கு நாசில் மேல்தான் சந்தேகம்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்கச் சுலபமான வழி இதுதான். எஞ்சினை ஐடிலில் விட்டு, நாசிலுக்கு வரும் பிரஷர் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று லூஸ் பண்ணு. லூஸ் பண்ணியதும் எஞ்சின் சத்தம் மாறித் தடுமாறினால் அந்த சிலிண்டர் நல்லது, இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போ. எதை லூஸ் பண்ணியும் சத்தம் மாறவே இல்லையோ அதுதான் வேலை செய்யாதது. கண்ணாடி போட்டுக்கொள், பைப் வாயில் கையைக் கொண்டுபோகாதே, அந்த வேகத்தில் வரும் டீசல் தோலுக்குள் ஏறிவிடும். சுற்றித் துணி போடு, சூடான மேனிஃபோல்டில் டீசல் தெறிக்கக் கூடாது. புதுசாக வருகிற காமன் ரெயில் வண்டியில் இதைச் செய்யவே செய்யாதே, அதில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம். உன் சிநேகிதன் வண்டி அந்த ரகம் என்று தெரியும், அதற்கு ஸ்கேனர்தான்.

சின்ன வயசில் 697 எஞ்சின் என்றால் என்னடா என்று அப்பா கேட்பார், 6 சிலிண்டர், 97 மில்லி போர் என்று டக்கென்று சொல்லுவாய். 1-5-3-6-2-4 என்று சிலிண்டர் ஒவ்வொன்றாக வெடிக்கும் வரிசையை, அந்த ஃபயரிங் ஆர்டரை, சோறு திங்கும்போதுகூட ஒப்பிப்பாய். டிப்ளமோ முடித்துவிட்டுக் கம்பெனிக்குப் போகாமல் பழைய டாடா 1613 லாரி வாங்கினான் என்று உன் மாமனார் வீட்டில் என்ன பேசினாலும், நம் ஊரில் உன்னைப் பற்றி நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். ஆனால் பேசாமல் இருப்பதில் மட்டும் நீ அப்படியே உன் அப்பா.

சிலிண்டர் தெரிந்ததும் அந்த நாசிலைக் கழற்றிப் பக்கத்து சிலிண்டரில் போடு, அதை இதில் போடு. மிஸ்ஸிங் கூடவே போனால் நாசில், அங்கேயே நின்றால் டேப்பெட், வால்வு, கம்ப்ரஷன் என்று பார்க்க வேண்டும். மாட்டும்போது பழைய காப்பர் வாஷர் குழியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், டார்ச் அடித்துப் பார்த்துக் கொக்கியால் எடு. அதன் மேலேயே புதுசைப் போட்டு ரெண்டு வாஷராக இறுக்கிவிட்டு, நாசில் புதுசு, இன்னும் மிஸ் அடிக்கிறது என்று எத்தனை பேர் நம் கடைக்கு வந்திருக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து ரெண்டு சிலிண்டரும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் போயிருக்கும், ரேடியேட்டரில் குமிழி வருகிறதா பார்.

இன்னொன்று, இன்றைக்கே ஆயில் ஸ்டிக்கை இழு. அளவு ஏறியிருந்து டீசல் வாடை அடித்தால் ஒழுகுகிற நாசில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள் டீசலை இறக்குகிறது என்று அர்த்தம், அப்படியே ஓட்டினால் பேரிங் போய்விடும். அந்த வண்டியை எடுத்துக்கொண்டு லோடுக்குப் போகாதே. தர்மபுரியிலிருந்து திரும்பும்போது தொப்பூர் இறக்கத்தில் நியூட்ரலில் விடாதே என்று ஏற்கனவே சொல்லியிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன். மிஸ் அடிக்கிற எஞ்சின் நியூட்ரலில் நின்றுபோனால் பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரும் நிற்கும், மறுபடி மறுபடி பிரேக் மிதித்தால் காற்றும் தீர்ந்துவிடும். ராத்திரி டிரிப்பைக் குறைத்துக்கொள். வீட்டுக்குப் போக மனசில்லாமல் வண்டியிலேயே படுத்துக்கிடக்காதே. பாப்பா அப்பிச்சி வீட்டிலேயே இருக்கிறாளா என்று இங்கே கேட்பவர்களிடம் ஆமாம், சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன், உன்னிடம் யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்லு.

மிஸ்ஸிங் நிற்கிறவரை வண்டியை நிறுத்திவிட்டு ஆறு நாசிலையும் நம்பர் எழுதித் துணியில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் சங்ககிரி வா. டெஸ்ட் ஸ்டாண்ட் இன்னும் கடையில்தான் இருக்கிறது, விற்கவில்லை. நானே லிவரை அடித்துப் பார்க்கிறேன். நல்ல நாசில் மருந்து தெளிக்கிற மாதிரி பொடியாக அடிக்கும், கிர்ர் என்று ஒரு சத்தம் வரும். கெட்டது மூக்கில் சொட்டிக்கொண்டு நிற்கும். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று முந்தின நாளே சொல்லு, அதற்குத் தக்கபடி அரிசி போடுவேன்.

காப்பர் வாஷரை மறக்காதே. அக்காவிடம் கோபித்துக்கொள்ளாதே, அவள் வீடியோவைத் தவிர வேறெதுவும் என்னிடம் சொல்லவில்லை.

அம்மா