வாம்பயர்: மட்டக்களப்பு நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததை வாசித்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். இங்கே நாங்கள் சுகம்.

மட்டக்களப்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஹேர்மிஸ் என்ற பிரித்தானியப் போர்க்கப்பலைப் பார்க்கச் சுழியோடிகள் வருவதாக எழுதியிருந்தாய். அவர்களிடம் வாம்பயரைப் பற்றியும் சொல்லச் சொல். 1942 ஏப்ரல் 9 அன்று ஹேர்மிஸுக்குக் காவலாக வந்து, அதே கடலில் அதே காலையில் மூழ்கிய அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் அது. சிட்னி டார்லிங் ஹார்பர் அருங்காட்சியகத்தில் நிற்பது அதன் பெயரில் பிறகு கட்டிய கப்பல். அதைப் போய்ப் பார்த்த பிறகு பழையதின் கதையைத் தேடித் தேடி வாசித்தேன்.

1917இல் இங்கிலாந்தில் கடலில் இறக்கியது. 1933இல் வேறு நான்கு பழைய கப்பல்களோடு அவுஸ்திரேலியாவுக்கு வந்தது. ஐந்தும் மத்தியதரைக் கடலுக்குச் சண்டைக்குப் போனபோது, ஜெர்மனியர் "பழைய இரும்பு" என்று ஏளனம் செய்தார்கள். மாலுமிகளோ அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். முற்றுகைக்குள் கிடந்த லிபியாவின் டொப்ரூக் துறைமுகத்துக்கு இரவிரவாக ஆளும் சாமானும் கொண்டுபோனது இந்தப் பழைய இரும்புதான். கிரேக்கத்திலிருந்து பின்வாங்கிய படைகளை ஏற்றி வந்ததும் அதுதான்.

ஆனால் என்னை உலுக்கியது 1941 டிசம்பர் 10. மலாயாவின் கிழக்குக் கடலில் பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. அவற்றுக்கு மேலே பாதுகாப்புக்கு ஒரு விமானம்கூட இல்லை. கூடப்போன வாம்பயர், எண்ணெய் படர்ந்த தண்ணீரில் தத்தளித்த 225 பேரைத் தூக்கி எடுத்தது. ரிபல்ஸின் கப்டன் டெனன்டும் அவர்களில் ஒருவர். நூற்றுச்சொச்சம் பேருக்கென்று கட்டிய கப்பலில் அத்தனை பேரும் எங்கே கால் வைத்திருப்பார்கள், சொல்லு!

விமானப் பாதுகாப்பு இல்லாமல் கப்பல் அனுப்பினால் என்ன நடக்கும் என்பதை அந்த மாலுமிகள் கண்ணால் கண்டார்கள். நான்கு மாதம் கழித்து அதே தவறுக்கு அவர்களையே பலிகொடுத்தார்கள். திருகோணமலையைத் தாக்க ஜப்பானியர் வருவது தெரிந்து, ஹேர்மிஸையும் வாம்பயரையும் முதல்நாளே துறைமுகத்திலிருந்து வெளியே அனுப்பியிருந்தார்கள். ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல். அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. திரும்பி வரும் வழியில் எதிரி கண்டுகொண்டான். உதவி கேட்டும், கரையிலிருந்து விமானங்கள் வந்துசேர எல்லாம் முடிந்திருந்தது. ஹேர்மிஸில் 307 பேர் போய்விட்டார்கள். அடுத்தது வாம்பயர், குண்டு விழுந்து இரண்டாக முறிந்தது. அதில் இறந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. தலைவர் வில்லியம் மொரான் அவர்களில் ஒருவர். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் வந்து இரண்டு கப்பல்களின் ஆட்களிலும் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. அந்தக் கப்பலின் பெயரையும் நம் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

உன்னால் முடிந்தால், கல்லடிப் பக்கத்து வயதான மீனவர்களிடம் பேசிப் பார். தப்பி நீந்தி வந்தவர்களைப் பற்றித் தங்கள் தகப்பன்மார் ஏதும் சொன்னார்களா என்று கேட்டு, கேட்டதைக் கேட்டபடி எழுதி அனுப்பு. அடுத்த முறை ஊருக்கு வரும்போது நானும் அவர்களைச் சந்திக்க விரும்புகிறேன்.

தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்