ஏழு குட்டிகளுக்கு எட்டு வாரம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குழுவின் பொறுப்பில் இப்போது ஒரு தாய் நாயும் அது ஈன்ற ஏழு குட்டிகளும் இருக்கின்றன. இன்று குட்டிகளுக்குப் பதினோராம் நாள். மூன்று குட்டிகளுக்குக் கண் லேசாகப் பிளந்திருக்கிறது. மற்றவை மூடிய கண்ணோடு, சூட்டையும் வாசனையையும் பிடித்துக்கொண்டு தாயின் மடிக்கு ஊர்ந்து போகின்றன. காது திறக்க இன்னும் சில நாள் ஆகும். எட்டு வாரம் முடியும்வரை ஏழும் தாயோடு இருக்கட்டும், அப்புறம்தான் புது வீடு என்று முடிவு செய்திருக்கிறோம். அதற்கான செலவுக்குத்தான் உங்களிடம் வருகிறோம்.

“பால்குடி மறந்ததும் கொடுத்துவிட வேண்டியதுதானே, எதற்கு எட்டு வாரம்?” என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். நாலாம் வாரத்தில் பால்பல் முளைத்து, கரைத்து வைத்த உணவை நக்கத் தொடங்கிவிடும். பார்த்தால் தூக்கிக்கொண்டு போய்விடத் தோன்றும் வயதும் அதுதான். சென்ற முறை பணம் தீர்ந்துபோய், ஒரு குட்டியை ஐந்தாம் வாரத்திலேயே கொடுத்தோம். மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. கெட்ட நாய் இல்லை. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்றே தெரியாமல் வளர்ந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுப்பவை கூடப் பிறந்த குட்டிகள்தான். ஒன்று அழுத்திக் கடித்தால் மற்றது கீச்சென்று கத்தி விளையாட்டை நிறுத்திவிடும். தாய் உறுமிவிட்டு எழுந்து போய்விடும். அந்தக் குட்டியோ அதைக் கற்றுக்கொள்ள வேண்டிய வாரங்களில் தனியாக இருந்தது. தவறு எங்களுடையது. மறுபடி அதைச் செய்ய மனமில்லை.

பணம் எங்கே போகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். ஏழு குட்டிகளின் கழுத்திலும் ஏழு நிறத்தில் கம்பளி நூல் கட்டி, தினமும் காலையில் எடை போட்டு எழுதுகிறோம். பிறந்த எடை பத்து நாளுக்குள் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக வேண்டும். பச்சை நூல் குட்டி பிறந்தபோது 240 கிராம். நாலாம் நாள் எடை ஏறவே இல்லை, ஐந்தாம் நாள் எட்டு கிராம் குறைந்தது. தொட்டால் வயிறு ஜில்லென்று இருந்தது. முதல் இரண்டு வாரம் குட்டிகளால் தம் உடம்புச் சூட்டைத் தாமே காத்துக்கொள்ள முடியாது. பெரிய குட்டிகள் முட்டித் தள்ளியதில் இது ஓரமாகக் கிடந்திருக்கிறது. குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது என்பதால் முதலில் நெஞ்சோடு அணைத்துச் சூடேற்றி, அப்புறம்தான் புட்டி. அதுவும் மல்லாத்திப் பிடித்து அல்ல, கவிழ்ந்த வாக்கில். இல்லாவிட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். இரண்டு இரவு, இரண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை. பசும்பால் வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், ஆகவே நாய்க்குட்டிகளுக்கென்றே உள்ள பால்பவுடர்தான் வாங்க வேண்டும். நக்கிச் சிறுநீர் கழிக்க வைக்கும் வேலையை மட்டும் தாயே பார்த்துக்கொண்டது, அது எங்களுக்குப் பெரிய நிம்மதி.

குடற்புழு மருந்து இரண்டு, நான்கு, ஆறு, எட்டாம் வாரங்களில்: ஏழு குட்டிகளுக்கு மொத்தம் 28 தடவை. இடம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பயனில்லை, உருண்டைப்புழு பிறப்பதற்கு முன்பே தாயிடமிருந்து வந்துவிடுகிறது. பால் கொடுக்கும் தாய் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். குட்டிகள் பால் மறந்தபின் அதற்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. முதல் தடுப்பூசி குட்டிகள் இங்கிருந்து கிளம்புமுன் எங்கள் செலவில். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்ய விடாமல் தடுக்கலாம். எனவே மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை திரும்பப் போட வேண்டும். அதைப் போடுவதாக எடுத்துக்கொள்பவரிடம் எழுதி வாங்கிவிடுவோம்.

ஒரு தொகையைத் தொடாமல் தனியாக வைக்க விரும்புகிறோம், பார்வோ என்னும் வைரஸ் நோய்க்காக. ஒரு குட்டிக்கு வந்தால் ஏழுக்கும் பரவக்கூடிய நோய் அது; நாள்கணக்கில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும். கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். குட்டிகளைப் பார்க்க வருகிறோம் என்பவர்களை வாசலிலேயே நிறுத்துகிறோமே, காரணம் இதுதான். கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பணம் செலவாகாமல் மிஞ்சினால் அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்குப் போகும்.

நன்கொடையைப் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை வரவு செலவுக் கணக்கு எல்லாருக்கும் வந்துவிடும். பணமாக முடியாவிட்டால் துவைத்த பழைய துண்டுகள், போர்வைகள், செய்தித்தாள் கொடுங்கள். செய்தித்தாள் எவ்வளவு இருந்தாலும் பத்தாது. வேறு நாய் பயன்படுத்திய கிண்ணம், பொம்மை மட்டும் வேண்டாம். இரவு இரண்டு முதல் ஐந்து மணிவரை கண் விழிக்க இன்னும் ஆள் கிடைக்கவில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து குட்டிகள் மனிதர்களுக்கும் மிக்சி சத்தத்துக்கும் பழக வேண்டும். செருப்பைக் கழற்றி, கைகழுவி, தினம் கால்மணி நேரம் மடியில் வைத்திருக்கச் சிலர் தேவை.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறோம்: நன்கொடை கொடுத்தவருக்குக் குட்டியில் முன்னுரிமை கிடையாது. குட்டி வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், வீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம்.

இப்படிக்கு,
குட்டிகள் பராமரிப்புக் குழு

பி.கு.: பச்சை நூல் இன்று காலை 402 கிராம்.