மெல்லப் பாடக் கற்ற ஆண்டு: பாடகர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், நம் இசை நடத்துநருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிந்த சங்க ஆண்டின் செயல்பாடுகளை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். செயற்குழு விதிப்படி உரிய காலங்களில் கூடியது. கூட்ட நடவடிக்கைக் குறிப்புகள் பதிவேட்டில் உள்ளன, விரும்புவோர் பார்வையிடலாம். தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே இவ்வறிக்கையின் பெரும்பகுதியை இவ்வாண்டு நாம் எடுத்துப் பாடிய ஒரு படைப்புக்கு, பிரெஞ்சு இசையமைப்பாளர் ஃபோரேயின் ரெக்வியத்துக்கு (இறந்தோருக்கான லத்தீன் திருப்பலி இசை), ஒதுக்கியிருக்கிறேன். இவ்வாண்டு நம் சங்கத்தில் நடந்த மாற்றம் முழுவதும் அந்தப் படைப்பின் வழியாகவே நடந்தது.

சென்னையில் மேற்கத்திய நான்கு குரல் (சோப்ரானோ, ஆல்டோ என உயர்ந்த, தாழ்ந்த பெண் குரல்கள்; டெனர், பாஸ் என உயர்ந்த, தாழ்ந்த ஆண் குரல்கள்) சேர்ந்திசைக்கு நீண்ட மரபு உண்டு. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893-இல் தொடங்கப்பட்டது. அந்த மரபின் நிழலில் வளர்ந்த நம் சிறிய குழுவும் ஆண்டுதோறும் டிசம்பரில் ஹேண்டல் இசையமைத்த, கிறிஸ்துவைப் பற்றிய பெரும் சேர்ந்திசைப் படைப்பான மெசையாவிலிருந்து சில பகுதிகளைப் பாடி வருகிறது. ஹேண்டல் 1741-இல் ஏறத்தாழ மூன்றரை வாரங்களில் எழுதி முடித்து, 1742 ஏப்ரல் 13 அன்று டப்ளினில் முதன்முதலாக அரங்கேறிய அந்தப் படைப்பை நம் மூத்த உறுப்பினர்கள் பலர் புத்தகத்தைப் பாராமலே பாடுவார்கள். அல்லேலூயா பகுதி வந்ததும் அவையோர் எழுந்து நிற்பார்கள். நாமும் முழுக் குரலில் பாடுவோம். ஆனால் எதை எடுத்தாலும் அதே முழுக் குரலில் பாடும் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது என்பதை இசை நடத்துநர் பலமுறை சுட்டிக்காட்டினார். கேப்ரியல் ஃபோரேயின் ரெக்வியத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று சென்ற ஆண்டு இறுதியில் அவர் முன்மொழிந்ததற்கு அதுவே காரணம்.

அந்த முன்மொழிவுக்கு எதிர்ப்பும் இருந்தது. இறந்தோருக்கான திருப்பலி இசையைக் கேட்க யார் வருவார்கள் என்று சில உறுப்பினர்கள் வெளிப்படையாகக் கேட்டார்கள். பல சமயத்தவர் சேர்ந்திருக்கும் குழுவில் அது நியாயமான கேள்விதான். ஃபோரே அந்தத் திருப்பலி உரையைக் கையாண்ட விதத்தை விளக்கியே நடத்துநர் அதற்குப் பதிலளித்தார். இறுதித் தீர்ப்பின் அச்சத்தை விவரிக்கும் நீண்ட பாடலை, அதன் கடைசி வரிகளைத் தவிர, ஃபோரே இசையமைக்காமல் விட்டுவிட்டார். இளைப்பாறுதலைக் கேட்கும் வரிகளுக்கே இடம் கொடுத்தார். அவருடைய தந்தை 1885-இலும் தாய் 1887-இன் கடைசி நாளிலும் மறைந்தார்கள். 1888 ஜனவரி 16 அன்று பாரிஸின் மதலேன் தேவாலயத்தில் நடந்த ஓர் இறுதி வழிபாட்டில் இதன் முதல் வடிவம் பாடப்பட்டது. அப்போது ஐந்து பகுதிகளே இருந்தன. பின்னர் அவரே விரிவுபடுத்தியதில் ஏழாயின. 1924-இல் ஃபோரே மறைந்தபோது அவருடைய இறுதிச் சடங்கிலும் இதே இசை ஒலித்தது. முழுவதும் பாட முப்பத்தைந்து நிமிடங்கள் போதும் என்பதும் நம் போன்ற குழுவுக்கு ஒரு வசதி.

பயிற்சி தொடங்கியதும் முதலில் தெரிந்தது நம் பழைய குறைதான்: டெனர்கள் போதவில்லை. இந்தப் படைப்பில் அந்தக் குறையை மறைக்கவும் இடமில்லை. தொடக்கத்தில் எல்லாக் குரல்களும் மிக மென்மையாகச் சேர்ந்து பாடி அடங்கிய பிறகு, முதல் மெட்டை டெனர்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். ஐந்தாம் பகுதியான ஆக்னுஸ் தேயியிலும் ('இறைவனின் ஆட்டுக்குட்டியே') மெட்டை முதலில் ஏந்துவது அவர்களே. தாழ்ந்த குரல் உடைய ஆல்டோ சகோதரிகள் சிலர் அந்த இடங்களில் மட்டும் டெனர் வரிசையில் நின்று பாட முன்வந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்த ஆண்டு நிகழ்ச்சி நடந்திருக்காது என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

லத்தீன் உச்சரிப்பைப் பற்றிப் பலருக்கும் தயக்கம் இருந்தது. உண்மையில் அது நமக்கு எளிதாகவே அமைந்தது. லத்தீன் உயிரெழுத்துகள் நம்முடைய அ, எ, இ, ஒ, உ போலத் தூயவை. நீட்டிப் பாடும்போது வேறோர் ஒலிக்குச் சாய்வதில்லை. மெய்யெழுத்துகளில்தான் ஆங்கிலப் பள்ளிப் பழக்கம் குறுக்கே வந்தது. ஆண்டவரே என்று பொருள்படும் சொல்லை 'டோமினே' என்றே எல்லோரும் பாடினார்கள். நாக்கு பல்லைத் தொடும்படி 'தோமினே' என்று பாடினால் போதும் என்று சொன்னதும் ஒலி உடனே மென்மையானது. 'சாங்க்துஸ்' (தூயவர்) என்ற சொல்லின் கடைசி 'ஸ்' ஆளுக்கொரு நேரத்தில் விழுந்து, அரங்கில் சீற்றம்போலக் கேட்டது. எந்த அடியில் அதை வைப்பது என்று தீர்மானித்து, எல்லோருடைய நொட்டேஷன் தாளிலும் பென்சிலால் குறித்த பிறகே அது ஒரே ஒலியானது.

இனி மெல்லப் பாடுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். உரத்த பகுதிகளில் கூட்டத்தோடு கோவிந்தா போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம். அடக்கிப் பாடும் இடத்தில் ஒருவர் தடுமாறினாலும் எல்லோருக்கும் கேட்டுவிடும். மேலும், ஒலியைக் குறைத்தவுடன் மூச்சின் பிடிப்பும் தளர்ந்து, சுருதி மெல்ல மெல்ல இறங்கிவிடுகிறது. பாடுகிற நமக்கு அது தெரிவதில்லை. ஆர்கன் மீண்டும் சேரும்போதுதான் தெரியும். நம் பயிற்சிக் கூடத்தின் மின்விசிறிகளின் இரைச்சலில் பக்கத்துக் குரல் கேட்கவில்லை என்பதால், மென்மையான பகுதிகளுக்கு விசிறிகளை நிறுத்திவிடுவது என்று முடிவானது. மே மாத வெயிலில் அது சிறிய காரியமல்ல. வியர்வையில் தாள்கள் விரல்களில் ஒட்டின; முதியவர்கள் கைக்குட்டையும் கையுமாக நின்றார்கள். ஆனால் விசிறி நின்ற அந்த நிமிடங்களில்தான் பலர், தம் இடப்பக்கமும் வலப்பக்கமும் நிற்பவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதை முதன்முதலாகக் கேட்டார்கள். அடுத்தவர் மூச்சு எடுக்கும் இடத்தில் தாம் எடுக்காமல் மாறி மாறி எடுத்து, நீண்ட வரியை அறுபடாமல் கொண்டுசெல்லும் முறை அதன் பிறகே நமக்குக் கைவந்தது.

நம் உறுப்பினர்களில் சிலர் கர்நாடக இசை பயின்றவர்கள். ஒவ்வொருவரும் தம் குரலுக்கேற்ற கட்டையில் பாடிப் பழகியவர்கள். ஸ்வரத்தை அசைவோடு பாடுவது அவர்கள் இரத்தத்தில் ஊறியது. அசைவில்லாமல் ஒரு ஸ்வரத்தை நேராகப் பிடித்து நிறுத்தும்போது தொண்டை கட்டிப்போட்டதுபோல் இருக்கிறது என்று தொடக்கத்தில் வருந்தினார்கள். எனினும் ஆக்னுஸ் தேயியின் நடுவில் வரும் ஓர் இடத்தை எங்களுக்குத் தெளிவாக்கியவர்களும் அவர்களே. அங்கே சோப்ரானோக்கள் மட்டும் 'லுக்ஸ்', அதாவது ஒளி, என்ற சொல்லை ஒரே ஸ்வரத்தில் நீளப் பிடிக்கிறார்கள். அதுவரை பஞ்சமமாக நின்ற அந்த ஸ்வரம், மற்றக் குரல்கள் அடியில் வந்து சேர்ந்ததும் புதிய ஆதார ஸ்வரத்துக்குக் காந்தாரமாகிவிடுகிறது. தேவாலயப் பாடகர் குழுக்களிலிருந்து ஸ்வரங்களை டோ, ரே, மீ என்று பெயரிட்டுப் பாடும் டோனிக் சோல்ஃபா முறையில் பயின்று வந்தவர்களுக்கு, 'சோ' என்று பாடிக்கொண்டிருந்ததைச் சட்டென 'மீ' என்று நினைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் குழப்பம். இது கிரகபேதம்தானே (ஆதார ஸ்வரத்தை இடம் மாற்றுவது) என்று கர்நாடக இசை பயின்ற சகோதரி ஒருவர் சொல்லி, ஷட்ஜத்தை மாற்றிப் பாடியும் காட்டியதும் கூடமே தெளிந்தது. ஸ்வரம் அசையாமல் இருக்க, அதைச் சுற்றியிருக்கும் உலகம் மாறும் அந்த நொடியை இதுவரை நாம் பாடியவற்றிலேயே ஆக அழகான இடமாக நான் கருதுகிறேன். அந்தப் பிடிப்பு ஓர் இழை தாழ்ந்தாலும் பின்னால் வரும் மூன்று குரல்களும் தாழ்ந்தே சேரும். எனவே அந்த ஒரு ஸ்வரத்துக்காகச் சோப்ரானோக்கள் வாரந்தோறும் முன்னதாக வந்து பயின்றார்கள்.

வடகிழக்குப் பருவமழையின்போது சில பயிற்சிகள் நடைபெறவில்லை. டிசம்பர் நிகழ்ச்சி வழக்கம்போல் நடந்தது; மார்கழிக் கச்சேரிகளுக்கிடையிலும் அவை நிறைந்திருந்தது. ரெக்வியத்தைத் தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எழும்பூர்ப் பகுதியிலுள்ள ஒரு தேவாலயத்தில், ஆர்கன் துணையுடன் பாடினோம். நிகழ்ச்சித் தாளில் லத்தீன் உரையுடன் தமிழாக்கமும் அச்சிடப்பட்டது. வெளியே வாகன ஒலி ஓயவில்லை. இருந்தும் தொடக்க ஒலியை நாம் எண்ணியபடியே மென்மையாக எடுக்க முடிந்தது. ஆறாம் பகுதியின் முடிவில், அதுவரை பாரிடோன் (நடுத்தர ஆண் குரல்) தனியாகப் பாடிய மெட்டை எல்லாக் குரல்களும் சேர்ந்து ஒன்றாக எடுத்தபோது, நான்காகப் பிரிந்து நின்ற குழு ஒரே ஆளாகப் பாடியதை நாங்கள் வரிசைகளில் நின்றபடியே உணர்ந்தோம். இரண்டு இடங்களில் சுருதி சற்று இறங்கியது என்று நடத்துநர் பின்னர் குறிப்பிட்டார்.

இவ்வாண்டில் தம் வாழ்க்கைத் துணையை இழந்த பாஸ் வரிசை மூத்தவர் ஒருவர் ஒரு பயிற்சிக்குக்கூட வரத் தவறவில்லை. பாட வேண்டியதில்லை, உட்கார்ந்து கேளுங்கள் ஐயா என்று சொன்னபோது, கேட்பதைவிடப் பாடுவதுதான் தமக்குத் தாங்கக்கூடியதாக இருக்கிறது என்றார். இந்த இசைக்கு யார் வருவார்கள் என்ற கேள்வியும் அவையில் விடை பெற்றது. அண்மையில் உற்றாரை இழந்தவர்கள் பலர் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் நம்மிடம் வந்து, மறைந்தவர்களின் பெயர்களைச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஃபோரேயின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் நொட்டேஷனுக்கு அச்சுச் செலவு மட்டுமே ஆனது. அந்தத் தாள்கள் சங்க நூலகத்தில் அடுக்கப்பட்டுள்ளன. இன்னும் திருப்பித் தராத உறுப்பினர்கள், பென்சில் குறிப்புகளை அழிக்காமல், இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்க வேண்டுகிறேன். அடுத்து பாடுவோருக்கு அவை பயன்படும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு மூன்று பரிந்துரைகளை முன்வைக்கிறது. கல்லூரி மாணவர்களிடமிருந்து டெனர், பாஸ் குரல்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். குரல் தேர்வில் தாள் பார்த்துப் பாடும் திறனைவிடச் செவித்திறனுக்கு முதலிடம் தர வேண்டும். விசிறியை நிறுத்திப் பயிலும் நேரத்தை ஒவ்வொரு வாரமும் தொடர வேண்டும். டிசம்பரில் மெசையாவையே மீண்டும் பாடுவோம். ஆனால் அதன் மூன்றாம் பாகத்தில், ஆதாமால் வந்த மரணத்தைச் சொல்லும் வரியைக் குரல்கள் துணையின்றித் தாழ்ந்து பாடும் சிறு பகுதியை இம்முறை சேர்த்துக்கொள்ள வேண்டும். இதுவரை கடினம் என்று நாம் ஒதுக்கி வந்த பகுதி அது. இப்போது நம்மால் முடியும் என்று நடத்துநர் கருதுகிறார். நானும் அவ்வாறே கருதுகிறேன்.

பயிற்சிக் கூடத்தைக் கட்டணமின்றித் தந்தவர்களுக்கும், ஆர்கன் வாசித்தவருக்கும், வாரந்தோறும் தேநீர் ஏற்பாடு செய்த குடும்பங்களுக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையையும் இதிலுள்ள பரிந்துரைகளையும் ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
செயலாளர்