இங்கிலாந்தின் ஹுக் நார்ட்டனிலிருந்து அண்ணனுக்கு

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. தீபாவளிக்குக்கூட நாலு வரி எழுதவில்லை என்று அம்மாவுக்கு வருத்தமாம். வேலை அதிகம், வேறொன்றும் இல்லை. குளிர்தான் கொஞ்சம் படுத்துகிறது. ராத்திரியில் ஹீட்டர் போடுவதில்லை, போட்டால் மூக்கு வறண்டுவிடுகிறது. கம்பளி நல்லதாகவே இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

பக்கத்து வீட்டில் ஒரு கிழவர். மனிதர்களைக் கண்டால் முகம் கொடுக்க மாட்டார். ஆனால் பீர் ஆலையின் குதிரை வண்டி தெருவில் வந்தால் தொப்பியைக் கழற்றி நிற்பார். ஆமாம், இந்த ஊரில் இன்னும் பீப்பாய்களைக் குதிரையில் ஏற்றிப் போகிறார்கள். யானைக்குட்டி உயரம், காலெல்லாம் மயிர். நான் வைத்த ரசத்தைக் குடித்ததிலிருந்து கிழவர் என்னிடம் மட்டும் பேசுகிறார். பேச்செல்லாம் அந்த ஆலைதான். (இந்தப் பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.)

1849-இல் ஜான் ஹாரிஸ் என்ற விவசாயி ஆரம்பித்தது. பார்லியை முளைகட்டிக் காயவைக்கும் தொழிலும் அவருக்கு உண்டு. அப்புறம் இந்தப் பக்கம் ரயில் பாதை போட வந்த கூலியாட்களின் தாகத்தில் வியாபாரம் வளர்ந்ததாம். 1887-இல் ரயில் ஓடத் தொடங்கியது, அதே வருஷம் ஹாரிஸ் இறந்துபோனார். ரயிலும் இப்போது இல்லை. வயலுக்கு நடுவே பாலத்தின் கல் தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஆலை நிற்கவில்லை. 1900-இல் வில்லியம் பிராட்ஃபோர்ட் என்பவர் வரைந்த கோபுரம் மாதிரிக் கட்டடம் எழுந்தது. தண்ணீரையும் மூட்டையையும் உச்சிக்கு ஏற்றிவிட்டால் போதும், அரைப்பதும் ஊறவைப்பதும் காய்ச்சுவதும் ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்கிவரும். சக்கையை மாட்டுக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

போய்ப் பார்த்தேன் அண்ணே. 1899-இல் வைத்த நீராவி இஞ்சின் இன்னும் இருக்கிறது. சாஃப்ட், பெல்ட், புல்லி எல்லாம் நம் அரிசி மில்லில் தாத்தா போட்ட அதே ஏற்பாடு. பெல்ட் எந்தப் பக்கம் நழுவும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. பீரை ஒரு வாய் பார்த்தேன், கசப்பு. ஐஸ் போடாமல் நிலவறைக் குளிர்ச்சியிலேயே தருகிறார்கள். ஆனால் சுடுதண்ணீரில் பார்லி ஊறும் வாசனை இருக்கிறதே, தொட்டியில் நெல் அவியும் வாசனையேதான். கொஞ்ச நேரம் வெளியே வந்து நின்றுவிட்டேன். கண்ணில் தூசி என்று கிழவரிடம் சொன்னேன்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது. ஹாரிஸின் ஆலையை இப்போது நடத்துவது கிளார்க் குடும்பம். பெண் வழி வாரிசுகள். நீங்களும் பெரியப்பாவும் மில்லை விற்றுப் பங்கு பிரிக்க நாள் பார்த்திருக்கிறீர்கள். அத்தை மகன் முருகேசன் டீசல் வாடையிலேயே வளர்ந்தவன், அவனை ஒரு வார்த்தை கேட்டீர்களா? குத்தகைக்காவது விட்டுப் பாருங்கள். பெரியப்பா கத்துவார், கத்தட்டும். அத்தைக்குப் பங்கு இல்லை என்று சட்டம் சொல்லவில்லை.

பவர் பத்திரம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு லண்டன் போய்த் தூதரகத்தில் அத்தாட்சி வாங்க வேண்டும்; ரயிலுக்கே நிறைய ஆகிறது, அடுத்த மாதம் பார்க்கலாம். முருகேசனிடம் பேசிவிட்டு எழுதுங்கள், அதற்குமுன் நான் கையெழுத்துப் போடுவதாக இல்லை. தை மாதப் பணம் சற்றுத் தாமதமாகும், வங்கியில் ஏதோ சரிபார்ப்பாம். செல்வியின் கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் கடைசித் தேதி எது என்று எழுதுங்கள், அதைத் தனியாக அனுப்பிவிடுகிறேன். அண்ணிக்கு என் வணக்கம். மில் கூரை ஒழுகுகிறதா?

இப்படிக்கு,
தம்பி சேகர்