ராகிக் களத்தை விட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரோட்டில் ராகிக் கதிரைக் கொட்டிக் காய வைப்பதால் வண்டிகள் சறுக்கி விழுகின்றன என்று தை பிறந்தால் செய்தி வருகிறது. உண்மைதான். என் தங்கை மகனே அப்படி விழுந்து முழங்கால் சிராய்த்து வந்தான். ஆனால் கதிர் ஏன் ரோட்டுக்கு வந்தது என்று ஒருவரும் எழுதக் காணோம். களம் போய்விட்டது, அதனால் வந்தது.

நான் பாலக்கோடு பக்கம் பிறந்தவள். சேலத்திலிருந்து தருமபுரியைத் தனி மாவட்டமாகப் பிரித்த 1965-ல் எனக்குப் பத்து வயது. எங்கள் ஊர்க் களம் ஒரு பெரிய பாறை. வெடிப்புள்ள இடங்களைச் சாணம் போட்டு மெழுகிவிடுவார்கள். பகலெல்லாம் காய்ந்த கதிரைப் பொழுது சாய்ந்ததும் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். பிள்ளைகளுக்கும் அதில் வேலை உண்டு. மாடு வாலைத் தூக்கினால் போதும், ஒரு கை தாளை அள்ளிக்கொண்டு ஓடிப்போய், சாணம் தானியத்தில் விழுமுன் ஏந்திவிட வேண்டும். ஏந்தத் தவறினால் பெரியப்பா அதட்டுவார். சூடான சாணத்தின் கனம் இன்றைக்கும் என் கையில் இருக்கிறது.

ஒரு வீட்டுக் கதிர் என்றாலும் களத்துக்கு நாலு வீட்டு ஆட்கள் வருவார்கள். நாளைக்கு அவர்கள் கதிர், அதற்கு இவர்கள். பெண்கள் பாறை ஓரம் உட்கார்ந்து பச்சை அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருப்பார்கள். அங்கேயே கல் கூட்டிக் களி கிண்டி, கொட்டைக் குழம்பு ஊற்றிச் சாப்பாடு. என் சின்னம்மாவுக்குக் காவேரிப்பட்டணத்து மாப்பிள்ளையைப் பேசி முடித்தது அந்தக் களத்தில்தான். இரண்டு வருஷம் பேசாமலிருந்த அண்ணன் தம்பி ஒரே பிணையை ஓட்ட நேர்ந்து, மாட்டை அதட்டுகிற சாக்கில் பேச ஆரம்பித்ததையும் பார்த்திருக்கிறேன். தூற்றக் காற்று வரவில்லை என்றால் எல்லோரும் தாளில் சாய்ந்து காத்திருப்போம். அப்புறம் எப்போது தூங்கினேன் என்றே தெரியாது.

விடிந்ததும் அளப்பு. பெரியப்பா கிழக்கு பார்த்து உட்கார்ந்து வள்ளத்தால் அள்ளுவார். முதல் வள்ளத்தை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார், ‘லாபம்’ என்பார். அளக்கும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது. அளந்து முடித்ததும் ஊருக்கு உழைத்தவர்களுக்குக் களத்திலேயே பங்கு போகும். அவர்கள் பாறைமேல் ஏறாமல் ஓரமாக நின்று துணியில் வாங்கிப் போனார்கள். அது சரியில்லை என்று அன்று எனக்குத் தெரியவில்லை, இன்று தெரிகிறது. அந்தக் காலத்தில் எல்லாமே நன்றாக இருந்தது என்று சொல்ல நான் வரவில்லை.

அறுவடை முடிந்தால் அதே இடம் கூத்துக்கு. பதினெட்டு நாள் பாரதம், பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால் அவ்வளவு பெரிதாகப் படுக்கவைத்திருப்பார்கள், என்னால் ஒரே மூச்சில் அவனைச் சுற்றி ஓட முடியாது. அவன் தொடை பிளந்து திரௌபதி கூந்தல் முடிந்ததும் பெண்களெல்லாம் அந்த மண்ணில் ஒரு பிடி எடுக்க முண்டியடிப்பார்கள். அம்மா முந்தானையில் முடிந்து வந்து ராகிக் குதிரில் போடுவாள், தானியம் குறையாது என்று.

அந்தக் களத்தில் இன்று தண்ணீர்த் தொட்டி நிற்கிறது, பக்கத்தில் இரண்டு கட்டடங்கள். தொட்டி வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் வேறு இடமும் இருந்தது. சும்மா கிடக்கிற இடம் என்று களத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். வருஷத்தில் இரண்டு மாதம் வேலை செய்கிற இடம் மீதி நாளில் சும்மாதான் கிடக்கும். ஏரி கூடக் கோடையில் அப்படித்தான் கிடக்கிறது.

நான் வாழ்க்கைப்பட்ட கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊரில் இன்னும் ஒரு பாறைக்களம் மிச்சம் இருக்கிறது. போன மாதம் இரண்டு பேர் டேப்பு வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். எதற்கென்று கேட்டால் பதில் இல்லை. 2023-ல் தருமபுரியிலும் நீலகிரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி கொடுக்கும் திட்டம் வந்தபோது நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்! ராகி வேண்டும் என்றால் அதை அடிக்க இடமும் வேண்டும். சிமெண்ட் உலர்களம் கட்டித் தருவதை மனதார வரவேற்கிறேன். அதைப் பழைய களத்திலேயே கட்டட்டும், பூட்டுப் போடாமல் விடட்டும்.

ஊர்க் கணக்கில் களம் புறம்போக்கு என்று எழுதியிருக்கும் இடங்களை ஒவ்வொரு ஊராட்சியும் கிராம சபையில் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். எங்கள் ஊர்க் கூட்டத்தில் நான் எழுந்து கேட்டேன். அடுத்த கூட்டத்தில் படிக்கிறோம் என்றார்கள். நான் போவேன். உங்கள் நிருபர் ஒருவரும் அன்று வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கிருஷ்ணகிரி மாவட்டம்.