செபம் இருக்கட்டும், பெற்றோரை ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் வாசகர் ஒருவர், அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப்பள்ளிகளில் செபம் சொல்ல வைப்பதையே தடை செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார். கோபமாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனாலும் அதில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. நான் திண்டுக்கல் பக்கம் அப்படி ஒரு பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள், கத்தோலிக்கப் பெண், உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் அங்கே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். காலையில் வரிசை, தமிழ்த்தாய் வாழ்த்து, குறள், உறுதிமொழி, இதற்கு நடுவில் சிலுவை அடையாளம் போட்டு ஒரு ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’, ஒரு ‘அருள் நிறைந்த மரியே’. பக்கத்துக் கோயிலில் 12 மணி அடித்தால் மூவேளை செபம். சாப்பாட்டுக்கு முன் ஒன்று, வீட்டுக்குப் போகும்போது ஒன்று. மாதத்தின் முதல் வெள்ளி கோயிலில் திருப்பலி (பூசை), அக்டோபரில் செபமாலை, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிகளில் சிலுவைப்பாதை, டிசம்பரில் குடில். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது சமய வகுப்புக்கு, போகும் நேரத்தில் மற்ற பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு நடக்கும்.

இத்தனையும் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். செபத்தைக் குறைத்தால் பக்தி போய்விடும் என்று நினைக்கிற தலைமையாசிரியைகள் உண்டு, ஆனால் வெயிலில் நின்றுகொண்டு ராகம் போட்டுக் கத்துகிற ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் பக்தியும் இல்லை ஒன்றும் இல்லை, எப்போது முடியும் என்பதுதான் இருக்கிறது. 2024 ஜூலையில் காலை உணவுத் திட்டம் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்த பிறகு அதற்கும் ஒரு நீண்ட செபம் சேர்ந்துகொண்டது என்றும், தட்டில் பொங்கல் ஆறிப்போகிறது என்றும் அங்கே இப்போது வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி சொன்னாள். இரண்டு வரி போதாதா?

ஆனால் மன்றாட்டு என்று ஒன்று உண்டு, அதை விடச் சொன்னால் எனக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வந்து அவரவர் வேண்டுதலை அவரவர் பேச்சிலேயே சொல்வார்கள். “எங்க வெள்ளாடு நல்லபடியா குட்டி போடணும்” என்று ஒரு பெண் சொன்னாள். அடுத்து நின்ற பையன், “எங்கப்பா சனிக்கிழமை நேரா வீட்டுக்கு வரணும்” என்றான். சனிக்கிழமை என்றால் கூலி போடும் நாள், எங்களுக்கெல்லாம் புரிந்தது. பள்ளியே சேர்ந்து “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. அந்த வெள்ளாட்டுப் பெண் இந்துப் பிள்ளை. ஆண்டவரே என்று யாரை நினைத்துச் சொன்னாள் என்று நான் கேட்டதில்லை, அது எனக்கு வேண்டாத விஷயம். அப்பா குடிக்கிறார் என்பதை வாத்தியாரிடம் தனியாகச் சொல்லவே சொல்லாத பிள்ளை இப்படிச் சொல்லும், நாங்களும் மத்தியானம் அவனைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்போம். சாம்பல் புதன் அன்றைக்குச் சாமியார் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு நெற்றியில் சாம்பல் பூசும்போது, “டீச்சர், எனக்கும் துன்னூறு” என்று மற்ற பிள்ளைகளும் வரிசையில் வந்து நிற்பார்கள். இதை மதமாற்றம் என்று எழுதுகிறவர்கள் ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

அப்புறம் இன்னொரு பக்கம். வேறு ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) முதல் வெள்ளி அன்று போயிருந்தேன். பள்ளி முழுக்கக் கோயிலில், ஒரு வகுப்பறையில் மட்டும் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள், அக்கா தம்பி, கூட ஆள் இல்லை, புத்தகமும் கொடுக்கவில்லை, கதவை வெளியே கொண்டி போட்டிருந்தார்கள். வீட்டில் கோயிலுக்குப் போகக்கூடாது என்று சொன்னார்களாம், அதனால் ‘விட்டுவிட்டோம்’ என்றார்கள். கட்டாயப்படுத்தவில்லை என்று அவர்களுக்கு நிம்மதி. திருப்பலி முடியும்வரை அறையில் அடைத்து வைக்க அந்தப் பிள்ளைகள் என்ன தப்பு செய்தார்கள்?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனையே கூடாது என்கிறது அரசமைப்பின் 28(1). எங்கள் பள்ளிகளுக்குச் சம்பளம் அரசு கொடுத்தாலும் கட்டடமும் நிர்வாகமும் ஆயர் (பிஷப்) தலைமையிலான மறைமாவட்டத்துடையவை, ஆகவே 28(3)தான் பொருந்தும்: உதவி பெறும் பள்ளியில் சமயப் போதனைக்கோ வழிபாட்டுக்கோ ஒரு பிள்ளையை வரவைக்க வேண்டுமென்றால் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதித்திருக்க வேண்டும். வாசகர் கேட்கிற தடை அதில் இல்லை. அதே சமயம், பேசாமல் இருந்தால் சம்மதம் என்று நம் நிர்வாகங்கள் எடுத்துக்கொள்வதற்கும் அதில் இடம் இல்லை.

திருச்சபையும் இதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. யாரையும் அவர் மனச்சாட்சிக்கு எதிராக நடக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இலேயே சொல்லிவிட்டது. 2024 ஏப்ரலில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை பள்ளிகளுக்குத் தந்த வழிகாட்டுதலிலும் நம் மரபுகளைப் பிற சமய மாணவர்கள் மேல் திணிக்கக் கூடாது என்று இருக்கிறது. காலையில் அரசமைப்பின் முகப்புரையை வாசிக்கச் சொன்னார்கள், நல்லது, ‘இறையாண்மை’ என்ற இடத்தில் இரண்டாம் வகுப்பு தடுக்கி விழுந்து எழட்டும். எல்லாச் சமயத்துக்கும் பொதுவாக ஒரு பிரார்த்தனை அறை வைக்கச் சொன்னதற்குத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது, எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே கூடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

அறையெல்லாம் கட்ட வேண்டாம். சேர்க்கைப் படிவத்தில் சாதி, சமயம், ஆதார் எண், ரத்த வகை வரைக்கும் கேட்கிறோம். உங்கள் பிள்ளை பள்ளி வழிபாட்டில் கலந்துகொள்ளலாமா என்று மட்டும் கேட்பதில்லை. அந்த ஒரு வரியைச் சேருங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லிக் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள், நடுவில் மனசு மாறினாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். கேட்டால் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள் என்று ஒரு தாளாளர் சாமியார் என்னிடம் பயந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. “சாமி கும்பிடச் சொல்றது நல்லதுதானே டீச்சர்” என்று சொன்ன இந்து அம்மாக்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன், அதை அவர்கள் எழுதியே தரட்டுமே. பாதிப் பேர் வேண்டாம் என்றாலும் சரி, இத்தனை நாள் அவர்கள் பிள்ளைகளைக் கேட்காமலே நிறுத்தி வைத்திருந்தோம் என்றுதானே அதற்கு அர்த்தம்.

வேண்டாம் என்பவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர் கூட இருக்க வேண்டும். ஐந்து வகுப்புக்கும் இரண்டே டீச்சர் இருக்கிற பள்ளியில் அதற்கு வழி இல்லை என்றால் முதல் வெள்ளித் திருப்பலியைச் சனிக்கிழமைக்கு மாற்றி, விருப்பமுள்ள பிள்ளைகளைப் பெற்றோரே கூட்டி வரச் சொல்லலாம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கும் அது நல்லது, வீட்டோடு சேர்ந்து வருவார்கள்.

ஜூனில் பள்ளி திறப்பு, படிவம் அச்சுக்கு அதற்கு முன்பே போய்விடும். இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி ஒவ்வொரு மறைமாவட்டமும் தன் பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும், செலவு ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.