போத்தனூர் வரை கூடவே வந்த பெரியவருக்கு

போன வெள்ளிக்கிழமை இரவு கோவை ஜங்ஷனில் எங்கள் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தீர்களே ஐயா, இது உங்களுக்குத்தான். அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை.

"ஏனுங் கண்ணு, இந்த வண்டி இங்க வராதே. போத்தனூரோட போயிருமுங்க" என்றீர்கள். நாற்பது நிமிடம்தான் இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு. தப்பு என்னுடையதுதான். கோவை என்றாலே ஜங்ஷன் என்று நினைத்து டிக்கெட்டைச் சரியாகப் படிக்கவில்லை. வழி மட்டும் சொல்லிவிட்டு நீங்கள் போயிருக்கலாம். "நானும் போத்தனூருதானுங்க" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினீர்கள்.

நஞ்சுண்டாபுரம் ரோட்டில் அம்மாவின் பதற்றம் குறைந்தது உங்கள் கதையால்தான். 1862-லேயே போத்தனூருக்கு ரயில் வந்துவிட்டதாம். மெட்ராஸ் ரயில்வே மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பாதை கோவை ஊருக்குள் நுழையாமல் இருகூரிலிருந்து நேராகப் போத்தனூருக்கு வந்தது. மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்ட 1873-ல்தான் கோவைக்கே ரயில். இன்றும் சில வண்டிகள் அந்தப் பழைய நேர்வழியிலேயே போய்விடுகின்றன, என்னைப் போன்றவர்கள் ஜங்ஷனில் காத்திருக்கிறோம். "அப்போ எங்க ஸ்டேஷன்தானுங்க மூத்தது" என்றபோது உங்கள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே!

வண்டி கிளம்ப ஐந்து நிமிடம் இருக்கும்போது எங்களை ஏற்றிவிட்டீர்கள். சரி, ஆட்டோ காசை யார் கொடுத்தது என்று பாலக்காடு தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அம்மா இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்.

போத்தனூர்க்காரர்களே, பச்சைத் துண்டும் சாப்பாட்டுத் தூக்குமாக ஒரு பெரியவரைத் தெரிந்தால் இதைக் காட்டுங்கள்.